பாலித் தீவின் வயலுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு நம் வேலூர், ராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து சுற்றுலா சென்றுவருபவர்கள் கடற்கரையையும் கோயில்களையும் பற்றிச் சொல்கிறார்களே தவிர, அங்குள்ள நெல் வயல்களுக்கு நீர் எப்படிப் பாய்கிறது என்று விசாரித்து வந்தவர்களை நான் பார்த்ததில்லை. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த வடாற்காட்டு மக்கள் அத்தீவில் அறிந்துகொள்ள வேண்டியது அதுவே.

ஒரே வாய்க்காலில் நீர் பெறும் விவசாயிகள் கூடி நடத்தும் அமைப்புக்கு அங்கே சுபாக் என்று பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் தொடரும் இந்த ஏற்பாட்டை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வாய்க்காலின் குறுக்கே, அவரவர் பங்குக்குத் தக்க அகலத்தில் வாய் வெட்டிய மரக்கட்டையைப் பதிக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு நீர் போகிறது என்பதைக் கரையில் நிற்கும் எவரும் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். நடவையும் தரிசு விடுவதையும், பாசன நீருக்கென்றே உள்ள நீர்க் கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். நீரை முழுவதும் தேக்கிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் தலைமடைக்காரர் கடைமடைக்கு விட்டுக்கொடுப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது: வட்டாரம் முழுவதும் ஒரே காலத்தில் அறுத்துத் தரிசு போட்டால்தான் பூச்சிகளுக்கு இரை இல்லாமல் போகும், நீர் கிடைக்காத கடைமடைக்காரர் காலம் தப்பி நட்டால், அங்கே பெருகும் பூச்சி தலைமடை வயலையும் விடாது.

1970-களில் பசுமைப் புரட்சியின் பேரில், இந்த ஒழுங்கைப் பாராமல் அடுத்தடுத்து நடும்படி அரசு வற்புறுத்தியபோது பூச்சித் தாக்குதலும் நீர்க் குழப்பமும் தலைதூக்கின. அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, நீர்க் கோயில்கள் வகுத்த முறையே பொருத்தமானது என்று கணினி மாதிரி கொண்டு காட்டினார். அவர் அம்மக்களோடு தங்கிப் பழகாமல் அலுவலக அறிக்கைகளை மட்டும் படித்திருந்தால் இது அவருக்கு விளங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நம்மிடமும் காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பல்லவர் காலத்து ஏரிகள் உண்டு. வயல்களுக்கு நீர் பங்கிடும் ஊர்ப் பணியாளர்களான நீர்க்கட்டிகள் மதகைத் திறந்து முறைவைத்துப் பாய்ச்சிய வழக்கம் பெரியவர்கள் நினைவில் இன்னும் இருக்கிறது. வரத்துக் கால்வாய்களோ பல இடங்களில் தூர்ந்து கிடக்கின்றன. கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வரும் பாலாற்றின் சிக்கல்கள், மேலே தடுப்பணை, இங்கே தோல் தொழிற்சாலைக் கழிவு என்று நீதிமன்றங்களிலேயே பேசப்படுகின்றன. மூன்று மாநில விவசாயிகளும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே, நம் பகுதி வேளாண் கல்லூரிகள் தம் மாணவர்களையும் நீர்ப் பயன்படுத்துவோர் சங்கத்தினர் சிலரையும், இரண்டு நாள் பார்வையிடலாக அல்லாமல், நாற்று விடுவது முதல் அறுவடை வரை ஒரு போகம் முழுவதும் சுபாக் குடும்பங்களோடு தங்கவைக்க வேண்டும். அங்குள்ள சுபாக் தலைவர்களையும் நம் ஏரிக்கரைகளுக்கு அழைக்க வேண்டும். விடுதிகளுக்கு வயலும் நீரும் கைமாறுவது இன்று அவர்களுடைய பெருங்கவலை. ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு நிலங்கள் வீட்டுமனைகளாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அவர்களிடம் கேட்கவும் சொல்லவும் நிறைய இருக்கிறது. வரும் சம்பாப் பருவத்திற்கு முன்பே மாவட்ட நிர்வாகமும் கல்லூரிகளும் இதற்கான பேச்சைத் தொடங்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்,
காவேரிப்பாக்கம்.