கூப்பர் விட்டுப்போன டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாளாகிறது. வீட்டில் வெள்ளையடிப்பு, சாமான் எல்லாம் நடுக்கூடத்தில் கிடந்ததால் உட்கார்ந்து எழுத இடமில்லை. பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? சரி, விமானத்தைக் கடத்திப் பணத்தோடு மறைந்த கூப்பர் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவே முடியவில்லையா என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன்.

1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் டேன் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கி விமானத்தில் ஏறியவன், பெட்டியில் குண்டு இருக்கிறது என்று மிரட்டி, சியாட்டிலில் 2 லட்சம் டாலரும் 4 பாராசூட்டும் வாங்கிக்கொண்டு, அன்றிரவே போயிங் 727-இன் பின்படியை இறக்கிக் குதித்தது உனக்கே தெரியும். (டி.பி. கூப்பர் என்பது பத்திரிகைகள் குழப்பியதால் வந்த பெயர்.) என்னைப் பிடித்துக்கொண்டது அவன் கழற்றி வைத்துவிட்டுப் போன கறுப்பு டைதான். ஜே.சி. பென்னி கடைச் சரக்கு, முடிச்சுப் போட வேண்டாம், கிளிப்பை மாட்டினால் போதும்.

சட்டையைத் தோய்க்கிறோம், டையை யார் தோய்க்கிறார்கள்? வருஷக் கணக்கில் போன இடத்துத் தூசியெல்லாம் அதிலேயே தங்கிவிடும். டாம் கே என்ற ஆராய்ச்சியாளரின் குழு அந்தத் தூசியை ஒட்டுப் பரப்பில் ஒற்றி எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கலப்பில்லாத டைட்டானியத் துணுக்குகள்! அந்தக் காலத்தில் அது எல்லா இடத்திலும் கிடைக்கிற உலோகம் இல்லை. உலோக ஆலை, ரசாயன ஆலை என்று சில இடங்களில்தான் புழங்கியது. பிஸ்மத், ஆன்டிமனி என்ற தனிமங்களும் இருந்தன. ஆலைக்குள் டை கட்டிக்கொண்டு போகிறவன் என்றால் பொறியாளரோ மேலாளரோ ஆக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

அழகான கணக்குதான், ஆனால் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. அவன் அந்த டையைப் பழைய துணிக்கடையில் வாங்கியிருந்தால் தூசி வேறு யாருடைய வாழ்க்கையையோ அல்லவா சொல்கிறது? டி.என்.ஏ.வும் அப்படித்தான். டையிலிருந்து அரைகுறையாகத்தான் கிடைத்தது, அதுவும் ஒருவருடையது மட்டும் இல்லை. சாகும் தறுவாயில் தன்னைக் கூப்பர் என்று மனைவியிடம் சொன்ன ஒருவருடன் அது பொருந்தவில்லை என்றார்கள், டி.என்.ஏ. கூப்பருடையதுதான் என்பதே நிச்சயமில்லாதபோது, அதை வைத்து யாரைத்தான் விலக்குவது?

நிஜமாகவே உதவியிருக்கக்கூடியவை அவன் பிடித்துப் போட்ட ராலே சிகரெட் துண்டுகள். எச்சில் பட்டவை, வேறு ஆள் வாய் வைத்திருக்க வழியில்லை. 1971-இல் டி.என்.ஏ. சோதனை என்ற ஒன்றே கிடையாது, பின்னால் அது வந்தபோது வழக்கை விசாரித்த எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) கையில் துண்டுகள் இல்லை, எங்கேயோ தொலைந்துவிட்டன. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2016 ஜூலையில் அவர்கள் தீவிர விசாரணையையும் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு சங்கதி, இது உன் துறை. 1980 பிப்ரவரியில் போர்ட்லண்ட் பக்கத்துக் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவன் 5,800 டாலர் கண்டெடுத்தான், கூப்பரிடம் கொடுத்த நோட்டுகளின் எண்களேதான் அவற்றில். ரப்பர் பேண்டுகள் கட்டியபடியே இருந்தனவாம், தொட்டதும் பொடியாகிவிட்டன. வெளியே கிடந்திருந்தால் ரப்பர் முன்பே இற்றுப்போயிருக்கும், அதனால் குதித்த சில மாதங்களுக்குள்ளேயே பணம் மணலில் புதைந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. நோட்டில் ஒட்டியிருந்த டயட்டம் என்ற நுண்பாசி வசந்த காலத்தில் பெருகுகிற வகை, அதனால் நவம்பரில் பணம் தண்ணீரில் விழவில்லை என்று 2020-இல் டாம் கே குழு எழுதியது. அப்படியானால் இடையில் பணம் எங்கே இருந்தது? நீ அத்தனை வருஷம் வங்கியில் நோட்டுக் கட்டியவன். ரப்பர் பேண்ட் ஈரத்தில் எவ்வளவு நாள் தாங்கும், வெறுமனே கிடந்தால் எவ்வளவு நாளில் இற்றுப்போகும் என்று எழுது.

அன்புடன்,
ராமு