ஒரு மில்லிகிராம் குப்பியில் முக்கால் மில்லிகிராம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு வேதிப்பொருள்கள் வந்து சேருவதில் ஏற்படும் தாமதம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தாமதம் பற்றி அதில் சொல்லப்பட்டவை அனைத்தும் உண்மையே. ஆனால் கடைசியில் வந்து சேரும் பொருள் நாம் கேட்ட பொருள்தானா, கேட்ட அளவில் இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. சென்னையில் நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றின் கொள்முதலையும் இருப்பையும் 14 ஆண்டுகளாகக் கவனித்து வருபவள் என்ற முறையில், ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தப் பொருள் எல்.எல்-37 எனப்படும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. கிருமிகளை எதிர்ப்பதற்காக நம் வெள்ளையணுக்களும், தோல், நுரையீரல் ஆகியவற்றின் மேற்பரப்புச் செல்களும் உருவாக்கும் கேத்தலிசிடின் என்ற புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் துண்டு இது. மொத்தம் 37 அமினோ அமிலங்கள். முதலிரண்டும் லியூசின் என்பதால்தான் இரண்டு எல். வைட்டமின் டி இதன் உற்பத்தியைத் தூண்டி, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் காசநோய்க் கிருமியை ஒடுக்க உதவுகிறது என்று அமெரிக்க ஆய்வுக் குழுவொன்று 2006-இல் காட்டிய பிறகு, இதற்கான தேவை பெருகியது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும் நோயாளிகளின் செல்களைக் கொண்டு இந்தத் தொடர்பு ஆராயப்பட்டிருக்கிறது. காசநோய் ஒழியாத நாட்டில் இந்தக் குப்பியைக் கேட்டு வரும் மாணவர்கள் குறையப் போவதில்லை.

ஆய்வகங்கள் வாங்குவது பெரும்பாலும் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பெப்டைடு. ராபர்ட் புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்டு, பின்னர் 1984-இல் நோபல் பரிசு பெற்ற முறையில், பிசின் மணியொன்றின் மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள். 37 கண்ணிகளுக்கு 36 முறை கோக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகக் கோக்கப்பட்டாலும், இறுதியில் முழுமையாகத் தேறும் சங்கிலி சுமார் 70 விழுக்காடுதான். மீதி, எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போன குறைச் சங்கிலிகள். அவற்றைப் பிரித்து எறிவதில்தான் தயாரிப்பாளரின் நேர்மையும் திறமையும் இருக்கின்றன, விலை வேறுபாட்டுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். குப்பியோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் ‘தூய்மை 98 விழுக்காடு’ என்று இருந்தால், குப்பியிலுள்ள பொடியில் நூற்றில் 98 பங்கு பெப்டைடு என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் புறஊதா ஒளியை உறிஞ்சித் தெரிந்த பொருள்களுக்குள் 98 பங்கு ஒரே முகட்டில் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். தண்ணீர் அந்தக் கணக்கில் வராது. தூய்மைப்படுத்தும்போது பயன்படுத்தப்பட்டு, பெப்டைடின் நேர்மின் இடங்களோடு ஒட்டிக்கொண்டே வரும் டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலமும் வராது. எல்.எல்-37-இல் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்களான லைசின் ஆறு, ஆர்ஜினின் ஐந்து, சங்கிலியின் தொடக்க முனை ஒன்று என ஆகமொத்தம் 12 இடங்களில் அந்த அமிலம் ஒட்டிக்கொள்ள முடியும். பெப்டைடின் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 4493. ஒட்டிய அமிலத்தின் நிறை 12 முறை 114, அதாவது 1368. கூட்டிப் பார்த்தால், ஒரு மில்லிகிராம் என்று எடைபோட்டுத் தந்த பொடியில் உண்மையான பெப்டைடு 0.77 மில்லிகிராம் அளவுக்கே இருக்கலாம். ஈரமும் சேர்ந்தால் இன்னும் குறையும். எங்கள் மாணவி ஒருவர் 10 மைக்ரோமோலார் அடர்த்தி என்று ஏட்டில் எழுதி ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய கரைசலில் இருந்தது, பிறகு அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்து பார்த்தபோது, ஏழரைகூட முழுதாக இல்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொடியில் உண்மையான பெப்டைடு எவ்வளவு என்று காட்டும் ‘நிகர பெப்டைடு அளவு’ என்ற தனிச் சோதனையைக் கேட்டால், கூடுதல் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். நாம் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம் விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல். அதில் பொருளின் பெயர், அளவு, விலை என்று மூன்றே கட்டங்கள். ஒருவர் மொத்த எடையில் ஒரு மில்லிகிராமை 9,000 ரூபாய்க்கும், இன்னொருவர் நிகர எடையில் ஒரு மில்லிகிராமை 11,000 ரூபாய்க்கும் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் குப்பியில் நிகரம் 0.72 என்றால், ஒரு மில்லிகிராம் பெப்டைடின் விலை 12,500 ஆகிறது. பட்டியலில் வெற்றி பெறுபவரோ 9,000 ரூபாய்க்காரர்.

இதைவிட மோசமானது ஒன்றும் நடந்தது. ஒரு முறை அடுத்தடுத்து வாங்கிய இரண்டு குப்பிகளின் தயாரிப்புத் தொகுதி எண்கள் வேறு வேறாக இருந்தும், சான்றிதழில் அச்சிட்டிருந்த எச்.பி.எல்.சி. வரைபடங்கள் இரண்டும் மூன்றாம் தசம இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தன. ஐயப்பட்டு, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமானி என்ற கருவி உள்ள வேறொரு நிறுவனத்தில் கொடுத்துப் பார்த்தோம். 4493-இல் முகடு இருந்தது. பக்கத்திலேயே 4337-இல் இன்னொன்று, அலட்சியப்படுத்த முடியாத உயரத்தில் நின்றது. வேறுபாடு 156, அதாவது ஓர் ஆர்ஜினின் குறைவு. விற்றவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். திருப்பித் தர முடியாதது அந்தக் குப்பியை வைத்துச் செய்த நான்கு மாத வேலை.

கையாளுவதிலும் நம் கவலை தவறான இடத்தில்தான் இருக்கிறது. பெட்டி மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில் இரண்டு நாள் கிடந்து, உள்ளே வைத்த குளிர்பொதி உருகியிருந்தால் பெரிய சண்டையே நடக்கிறது. உறைவித்து உலர்த்திய பொடி, மூடி இறுக்கமாக இருக்கும்வரை, சில நாள் வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். அதன் எதிரி ஈரம். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியைக் கையோடு திறந்தால், சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த பொடியின் மேல்தான் இறங்கும். சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலனில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஒரு மணி நேரம் பொறுத்திருப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. திறப்பதற்கு முன் மைய விலக்கியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதும் அவசியம். பொடி பல நேரங்களில் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். ஒரு மில்லிகிராம் என்பது, சோப்பு நுரை காய்ந்தாற்போல் குப்பியின் அடியில் தெரியும் மெல்லிய படலம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த ஒருவர் காலிக் குப்பி என்று நினைத்துக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனதை நானே தடுத்திருக்கிறேன்.

அதைக் கரைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நேர்மின்னூட்டம் மிகுந்த இந்தப் பெப்டைடு கண்ணாடியிலும், செல் வளர்ப்புத் தட்டுகள் செய்யப்படும் பாலிஸ்டைரீனிலும் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த கரைசலாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். பாலிப்ரொப்பிலீன் குழாய்களில், 0.01 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, ஒரு நாளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, மைனஸ் 80-இல் வைத்து, ஒரு முறை உருகியதை மீண்டும் உறைய வைக்காமல் இருந்தால் பெரும்பாலான தொல்லைகள் தீரும். தானாகவே பனி நீக்கும் வீட்டு உறைபெட்டி இதற்கு ஆகாது, அது ஒவ்வொரு நாளும் சற்றே சூடாகித் தணிகிறது. கரைசலின் அடர்த்தியை 280 நானோமீட்டரில் அளந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்த ஒளியைக் குறிப்பிடத்தக்க அளவில் உறிஞ்சும் அமினோ அமிலங்களான டிரிப்டோஃபேனும் டைரோசினும் இந்தச் சங்கிலியில் இல்லை. கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். அதை நம்பி எழுதப்பட்ட ஏடுகளை நான் பார்த்திருக்கிறேன். நோயெதிர்ப்புச் செல்களோடு வேலை செய்பவர்களுக்கு எண்டோடாக்சின் எனப்படும் பாக்டீரியா நச்சு கலந்திருக்குமோ என்ற அச்சமும் உண்டு. எல்.எல்-37 எண்டோடாக்சினைத் தானே பிடித்து வைத்துக்கொள்வதால், வழக்கமான சோதனை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டிவிடக்கூடும்.

2025 ஜூன் மாதத்தில் மத்திய நிதியமைச்சகம், அறிவியல் நிறுவனங்கள் விலைப்புள்ளி கோராமல் நேரடியாக வாங்கும் வரம்பை ஒரு லட்சம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியது. ஆய்வுப் பொருள்களை அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்துக்கு வெளியே வாங்கிக்கொள்ளவும் வழி செய்தது. வரவேற்கத்தக்கது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கும் இதே தளர்வைத் தமிழக அரசு அளிக்க வேண்டும். ஆனால் வரம்பு உயர்ந்தால் மட்டும் போதாது. கொள்முதல் பிரிவு எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை, ‘எல்.எல்-37, 98 விழுக்காடு, 5 மி.கி.’ என்று ஒற்றை வரியில் கோரிக்கை எழுதி அனுப்புவது நம் பேராசிரியர்கள்தான். நிகர பெப்டைடு அளவு, ஒட்டியுள்ள அமிலத்தின் பெயர், அந்தத் தொகுதிக்கே உரிய நிறை நிறமாலை, எண்டோடாக்சின் வரம்பு ஆகியவற்றைக் கோரிக்கையிலேயே எழுதிவிட்டால், அவற்றைத் தராதவரைத் தொழில்நுட்ப மதிப்பீட்டில் விலக்க எந்த விதியும் தடையாக இருக்காது. விலையை அதன் பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று அச்சிட்ட இத்தகைய குப்பிகளை உடலில் ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று தெரிந்தவர்கள் மூலம் எனக்கே இரண்டு முறை விசாரணை வந்திருக்கிறது. கூடாது. ஆய்வகத்துக்கே போதாத சான்றிதழோடு வரும் பொடி அது. ஊசி மருந்துக்கு உரிய கிருமிநீக்கச் சோதனை எதுவும் அதற்குச் செய்யப்படுவதில்லை.

எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் ஒரு பக்கக் கொள்முதல் படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இத்துடன் இணைத்துள்ளேன். கேட்கும் கல்லூரிகளுக்குத் தாங்கள் நகல் அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக மேலாளர் ஒருவர்,
சென்னை