பொருள்: இடுப்பு பெல்ட் பக்கிள் உடைந்த 65 லிட்டர் முதுகுப் பை – நான்காவது கடிதம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முந்தைய மூன்று கடிதங்களுக்கும் ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரே பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. பக்கிள் கேட்டேன்.

எந்தப் பை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘தனியாக வேட்டைக்குச் செல்பவர்களுக்கு’ என்று, வில்லோடு நிற்கும் வெளிநாட்டுக்காரர் படத்தைப் போட்டு விற்கிறீர்களே, அதேதான். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. நான் கேமராவோடு பறவை பார்க்கப் போகிறவன். ஆனாலும் யோசித்துத்தான் வாங்கினேன். நாலு பேராகப் போனால் அடுப்பை ஒருவர், கூடாரத்தை ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவனுக்கு எல்லாம் அவன் முதுகில்தான். அதனால் மற்றவற்றில் மிச்சம் பிடித்தேன். தூங்கும் பை பழையது, அடுப்பு நண்பருடையது. இந்தப் பைக்கு மட்டும் 18,500 ரூபாய்.

கிண்டியில் உள்ள உங்கள் சேவை மைய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டிக்கு அந்தப் பூதத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை மெட்ரோவில் வந்தேன். முதல் முறை அசல் பில் வேண்டும் என்றார்கள். உங்கள் பில் மின்னஞ்சலில்தான் வந்தது, அதற்கு ஏது அசல்? இரண்டாம் முறை, பையைப் பார்ப்பவர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் முறை கவுன்டரில் இருந்த இளைஞர் பில்லில் இருந்த முகவரியைச் சத்தமாகப் படித்தார். “தண்டையார்பேட்டையா? காசிமேட்டில் மீன் கூடை ஏற்றினீர்களா, சார்?” பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

ஐயா, என் அம்மா காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்றவர்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த கவுன்டரில் இருந்த எல்லோரையும்விட அவர்களுக்குச் சுமையைப் பற்றித் தெரியும். சும்மாடு சரியாக உட்காராவிட்டால் கூடை கழுத்தை ஒடித்துவிடும் என்பார் அம்மா. உங்கள் பைக்கு இடுப்பு பெல்ட்தான் சும்மாடு. பாரத்தின் பெரும்பங்கை இடுப்பெலும்பு வாங்கிக்கொள்ள வேண்டும். தோள்பட்டைகள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்த இளைஞர் அதோடு விட்டாரா? பைக்கும் அதைத் தாங்கும் பிரேமுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்து, “இதை நீங்களே பிரித்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இடைவெளி வேட்டைக்காரர் இறைச்சியை வைத்துக் கட்டுவதற்காக நீங்களே விட்டது! உங்கள் விளம்பரப் படத்தில் மான் தொடை தொங்குவது அதே இடத்தில்தான். சொந்தச் சரக்கைத் தெரியாதவரை அங்கே உட்கார வைத்தது யார்?

உடைந்தது உத்தராகண்டில், தேவரியா தால் ஏரியிலிருந்து சோப்தாவுக்குப் போகும் காட்டுப்பாதையில். என் எடை 68 கிலோ, பை 17 கிலோ, அதாவது சரியாகக் கால் பங்கு. பை தாங்கும் என்று நீங்கள் அச்சிட்டிருப்பது 40 கிலோ. பக்கிளின் ஒரு பல் முறிந்ததும் மொத்தப் பாரமும் தோளில் இறங்கிவிட்டது. துண்டைக் கிழித்து இடுப்பில் கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. சோப்தா போய்ச் சேர்ந்தபோது கையைத் தூக்க முடியவில்லை. மறுநாள் துங்கநாத் ஏறி மோனல் பறவையைப் படம் எடுப்பதாக இருந்தேன். அறையில் படுத்துக் கிடந்தேன். அந்தப் படம் அமைந்திருந்தால் என் வாழ்க்கையே மாறியிருக்கும். இரண்டு ஆண்டுச் சேமிப்பும் என் முதுகெலும்பும் போனதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

மாற்று பக்கிள் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருக்கலாம் என்று உங்கள் தொலைபேசிப் பெண்மணி சொன்னார். அவர் மரியாதையாகப் பேசினார், சொன்னதும் நியாயம்தான். ஊசியும் நூலும் வைத்திருந்தேன், பக்கிள் வைத்திருக்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

தயவுசெய்து பெல்ட்டை மாற்றிக் கொடுங்கள். முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ‘வழக்கென்றால் பெங்களூரில்தான்’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 1915 எண்ணிலும் புகார் சொல்வேன். அந்த நிலைக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

ஆனால் மீன் கூடைப் பேச்சுக்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும். பக்கிள் வந்தாலும் வராவிட்டாலும் அது வேண்டும்.

இனி நான் கிண்டிக்கு வருவதாக இல்லை. ஆள் அனுப்பிப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி பில்லில் இருக்கிறது. அந்த இளைஞரையே படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை