படம் வெட்டும் தளங்கள்: விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பிக்சலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே படத்தை ஒன்பது, பன்னிரண்டு கட்டங்களாக வெட்டித் தரும் இலவச இணையதளங்களைப் பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த குறிப்பு, எதில் விளம்பரம் குறைவு, எதில் பொத்தான்கள் எளிது என்பதோடு நின்றுவிட்டது. வெட்டுவதை எல்லாத் தளமும் செய்யும். ஒழுங்காக வெட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

1000 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) அகலமுள்ள படத்தை மூன்றாகப் பிரித்தால், துண்டுக்கு 333 போக ஒரு பிக்சல் மிஞ்சும். நல்ல கருவி ஒரு துண்டை 334 ஆக வைத்துக்கொள்ளும். மோசமானது 333.33 என்றே கணக்குப் போடும். அப்போது இரண்டாவது, மூன்றாவது துண்டுகள் பிக்சலின் நடுவில் தொடங்கும். அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து ஈடுகட்டுவதால் படம் லேசாக மங்கும். முகத்தில் அது தெரியாது. சிறிய எழுத்தில் பளிச்சென்று தெரியும்.

சோதிப்பது சுலபம். 1000க்கு 1000 அளவில் வெள்ளைப் படம் ஒன்றில் மூலைக்கு மூலை மெல்லிய கறுப்புக் கோடு போட்டு, மூன்றுக்கு மூன்றாக வெட்டுங்கள். ஒரு வரிசைத் துண்டுகளின் அகலத்தைக் கூட்டினால் 1000 வர வேண்டும். பிறகு துண்டுகளை ஒட்டி வைத்து 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். மூலப் படத்தில் இல்லாதபடி வெட்டிய இடத்தில் கோடு படி இறங்கினாலோ சாம்பல் பூத்தாலோ அந்தத் தளம் வேண்டாம். வேறு வழியில்லை என்றால், படத்தின் நீள அகலங்களை முன்கூட்டியே மூன்றால் வகுபடும் எண்ணுக்கு மாற்றிக்கொண்டு வெட்டலாம்.

இப்படி வெட்டுகிறவர்களில் பலருக்கு இன்ஸ்டாகிராம்தான் குறி. துண்டுகளை அடுத்தடுத்த பதிவுகளாகப் போட்டு, சுயவிவரப் பக்கத்தில் ஒரே பெரிய படமாகக் காட்டுவார்கள். அங்கே 2025 ஜனவரியில் சுயவிவரப் பக்கத்தின் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 நெட்டை வடிவத்துக்கு மாறிவிட்டன. இன்னும் சதுரமாகவே வெட்டித் தரும் தளங்கள் உண்டு. 1080க்கு 1080 சதுரம் அந்தக் கட்டத்தில் தானாக உட்காரும்போது 810 பிக்சல் அகலமே தெரியும். இருபுறமும் 135 பிக்சல் மறைந்துவிடும். மூன்று துண்டும் சேர்ந்து ஒரு முகம் என்றால், கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு பட்டை காணாமல் போகும்! ஆகவே 3:4 விகிதம் இல்லாத தளத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். துண்டு 1080க்கு 1440 என்றால், ஒன்பது கட்டங்களுக்கு மூலப் படம் 3240க்கு 4320 இருக்க வேண்டும். 1200 பிக்சல் படத்தைக் கொடுத்துவிட்டு ‘எச்டி’ பொத்தானை அழுத்தினால் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. புதிய பதிவு இடது மேல்மூலையில் வருவதால், பதிவேற்றும்போது வலது கீழ்மூலைத் துண்டுதான் முதலில். அதன்பின் தனியாக ஒரு பதிவு போட்டாலும் வரிசை முழுக்க ஓரிடம் நகர்ந்து படம் கலைந்துவிடும். மூன்று மூன்றாகப் போட்டால்தான் நிற்கும்.

அடுத்தது கோப்பு வகை. ஜேபெக்காகவே (தரத்தைக் கொஞ்சம் இழந்து கோப்பைச் சிறிதாக்கும் வகை) சேமிக்கும் தளம் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மறுபடி சுருக்குகிறது. வானம், சுவர் போன்ற வழவழப்பான பகுதிகளில் இணைப்பு விளிம்பு திட்டுத்திட்டாகத் தெரிவது இதனால்தான். எழுத்தும் ஓவியமும் உள்ள படத்துக்கு, தரம் குறையாமல் சேமிக்கும் பிஎன்ஜி வகை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

‘உங்கள் படம் பாதுகாப்பானது’ என்ற வாசகத்துக்கு மதிப்பில்லை. பக்கம் முழுவதும் திறந்தபின் விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு படத்தைத் தேர்ந்து வெட்டிப் பாருங்கள். வேலை நடந்தால் வெட்டுவது உங்கள் கருவியிலேயே. நடக்காவிட்டால் படம் வேறொருவர் கணினிக்குப் போகக்கூடும். குழந்தைகளின் படத்தையும் ஆவணங்களையும் அங்கே ஏற்ற வேண்டாம். உலாவிக்குள்ளேயே வெட்டும் தளங்களுக்கும் ஒரு குறை உண்டு: ஐபோன் உலாவியில் நெடுநாளாக மொத்தப் பரப்பு 4096க்கு 4096, அதாவது சுமார் 1.68 கோடி பிக்சல்தான் உச்ச வரம்பாக இருந்தது. வரம்பை மீறினால் வெற்றுத் துண்டுகள் வரலாம். மேலே சொன்ன 3240க்கு 4320, மொத்தம் சுமார் 1.4 கோடி பிக்சல் என்பதால் அதற்குள் அடங்கும்.

ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டிப் பெரிய சுவரொட்டி செய்பவர்களுக்கு இந்தத் தளங்களில் பல பயன்படாது. அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தாளின் விளிம்புவரை அச்சிடாது. சில மில்லிமீட்டர் வெள்ளை விட்டுவிடும். எனவே அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 10 மி.மீ. அளவுக்கு ஏறும்படி வெட்டும் வசதி வேண்டும். அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள்.

கோப்புப் பெயர் சின்ன விஷயம்தான், ஆனால் எரிச்சலூட்டும். 1, 2, 3 என்று பெயரிடும் தளத்தில் பன்னிரண்டு துண்டு வெட்டினால், சில கருவிகள் 1, 10, 11, 12, 2 என்று அடுக்கிவிடும். 01, 02 என்றோ வரிசை, நெடுவரிசை எண்களோடோ பெயர் வைக்கும் தளமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
வடிவமைப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்