பிரிக்கும் கோட்டைச் செயலியின் மேல் போடாதீர்கள்: தடமறி கருவியின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு நிரல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகளை, அதாவது நாம் சிஸ்டம் கால் என்று சொல்பவற்றை, ஒன்றுவிடாமல் காட்டும் உங்கள் கருவியை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். சிறு பேட்சுகள் (நிரல் திருத்தங்கள்) சிலவற்றை அனுப்பியும் இருக்கிறேன். செயலிக்குச் செயலி (பிராசசருக்குப் பிராசசர்) மாறுபடும் நிரல் பகுதிகளை அந்தப் பெரிய கோப்பிலிருந்து பிரித்தெடுத்து, ஒவ்வொரு செயலிக்கும் ஒரு கோப்புறை என்று வைக்கப் போவதாக நீங்கள் வகுத்துள்ள திட்டத்தை முழுவதும் படித்தேன். பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எந்த இடத்தில் பிரிப்பது என்பதில் மட்டும் திட்டம் தவறான கோட்டைத் தேர்ந்திருக்கிறது என்று கருதுகிறேன். முதல் பேட்ச் சேர்வதற்குள் அதை எடுத்துச் சொல்லவே இந்த மடல்.

இப்போதுள்ள நிலையை யாராலும் ஆதரித்துப் பேச முடியாது. அழைப்பின் எண்ணைக் கண்டறியும் ஒரே ஒரு செயற்கூற்றைத் திறந்தால், இன்டெல், ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி, ஸ்பார்க் எல்லாம் ‘இஃப்டெஃப்’ (இந்தச் செயலி என்றால் மட்டும் இந்த வரிகளை எடுத்துக்கொள் என்னும் நிபந்தனை) படிக்கட்டுகளில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் ஒரு வரியைப் படிப்பவர், தாம் எந்தச் செயலிக்குள் இருக்கிறோம் என்பதை அறிய இரண்டு திரை மேலே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. இது சோம்பலால் வளர்ந்த குப்பை என்று நான் நினைக்கவில்லை. புதிய செயலிக்கு ஆதரவு சேர்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே ஓர் இயந்திரம்தான் இருந்தது. மற்றவற்றில் ஓட்டிப் பார்க்க வழியில்லாததால், அடுத்தவர் வரிகளைத் தொடாமல் தமது கிளையை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு.

ஆனால் ‘இஃப்டெஃப்’ என்பது பார்க்க அழகில்லை என்பதைவிட ஆழமான குறை ஒன்று அதில் இருக்கிறது. அது நிரலை இயந்திரக் குறியாக மாற்றும் கம்பைலரிடம் கேட்கும் கேள்வி. நமக்கு வேண்டிய விடையோ, ஓடிக்கொண்டிருக்கும் நிரலான பிராசஸிடம் இருக்கிறது. எக்ஸ்86-64 (64-பிட் இன்டெல் வகைச் செயலி) கெர்னல் ஒன்றின் மேல் 64-பிட் அழைப்பு முறை, பழைய 32-பிட் முறை, எக்ஸ்32 என மூன்று ஏபிஐகள் (நிரல் கெர்னலை அழைக்கும் விதிமுறைகள்) ஒரே நேரத்தில் இயங்கலாம். 64-பிட் முறையில் அழைப்பின் எண் ஆர்ஏஎக்ஸ் பதிவகத்திலும் (செயலிக்குள் உள்ள சிறு நினைவிடம்), அழைப்போடு அனுப்பும் மதிப்புகளான அளவுருக்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 என்ற வரிசையிலும் வரும். 32-பிட் முறையில் இபிஎக்ஸ், இசிஎக்ஸ், இடிஎக்ஸ், இஎஸ்ஐ, இடிஐ, இபிபி. எக்ஸ்32 முறையில் பதிவகங்கள் 64-பிட் முறையுடையவையே, எண்ணில் மட்டும் 30-ஆம் பிட் ஏற்றப்பட்டிருக்கும். கோப்புறைக்கு ‘எக்ஸ்86-64’ என்று பெயர் வைத்துவிட்டால், இந்த மூன்றையும் அந்தக் கோப்புறைக்குள் மறுபடியும் ‘இஃப்’ போட்டுத்தான் பிரிக்க வேண்டும். படிக்கட்டு வெளியே இருந்தது உள்ளே போயிருக்கும், அவ்வளவே.

இது வெறும் தத்துவச் சிக்கல் அன்று என்பதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு 64-பிட் நிரலில், எங்கோ ஒரு மூலையில், யாரோ பழைய பழக்கத்தில் எழுதிவிட்ட ‘இன்ட் 0எக்ஸ்80’ என்ற 32-பிட் காலத்து அழைப்புக் கட்டளை கிடந்தது. நான் அப்போது பயன்படுத்திய தடமறி கருவி, காரணமே தெரியாத ஒரு ‘ரைட்வி’ (கோப்பில் எழுதும்) அழைப்பை அடிக்கடி காட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கோப்பிலும் எதுவும் எழுதப்படவில்லை. ஒரு பிற்பகல் முழுதும் இல்லாத எழுத்தைத் தேடிய பிறகே விளங்கியது: அந்தக் கட்டளையின் வழியே போகும் அழைப்பை, பிராசஸ் 64-பிட் ஆனாலும், கெர்னல் 32-பிட் அட்டவணையில்தான் தேடும். 20 என்ற எண்ணுக்கு அங்கே ‘கெட்பிஐடி’ (பிராசஸின் எண்ணைக் கேட்பது) என்று பொருள், 64-பிட் அட்டவணையில் ‘ரைட்வி’ என்று பொருள். சிஎஸ் பதிவகத்தில் 0எக்ஸ்33 இருப்பதைப் பார்த்து, இது 64-பிட் என்று கருவி முடிவுகட்டியிருந்தது. பிராசஸைப் பற்றி அந்த முடிவு சரி. அழைப்பைப் பற்றி அது தவறு. ஏபிஐ என்பது செயலிக்கு உரியதும் அன்று, பிராசஸுக்கு உரியதும் அன்று, அந்தந்த அழைப்புக்கு உரியது.

பவர்பிசியைப் பாருங்கள். பிழை நேர்ந்ததா இல்லையா என்பதை நிபந்தனைப் பதிவகத்தின் ஒரு பிட்டைக் கொண்டு சொல்வது அங்கே பழைய வழக்கம். கெர்னல் 5.9-இல் ‘எஸ்சிவி’ என்ற புதிய கட்டளை வழி திறந்தபோது, அந்த வழியில் மட்டும் எதிர்மறை எண்ணைத் திருப்பித் தரும் முறை வந்தது. ஒரே செயலி, ஒரே பிராசஸ், அடுத்தடுத்த இரண்டு அழைப்புகள், இரண்டு பிழை விதிகள். ‘பவர்பிசிக்கான பிழை கண்டறியும் கோப்பு’ என்ற பெயரே இங்கு பொய்யாகிவிடுகிறது.

எனவே என் கோரிக்கை இது. ஒவ்வோர் ஏபிஐக்கும் ஒரு விவரணை எழுதுங்கள்: எண் எங்கே இருக்கிறது, அளவுருக்கள் எங்கே, பிழை எப்படித் தெரியும், இயந்திரச் சொல்லின் (வேர்ட்) நீளம் எவ்வளவு, எந்த எண் அட்டவணை. பிராசஸ் ஓர் அழைப்பில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிறுத்தத்துக்குரிய விவரணையைத் தேர்ந்தெடுங்கள். செயலியின் பெயர் அந்த விவரணைகளை ஒன்றுசேர்க்கும் இடத்தில் மட்டும் வரட்டும். தேர்ந்தெடுப்பதற்கு நாமே பதிவகங்களைத் துருவ வேண்டிய தேவையும் இப்போது குறைந்துவிட்டது. 2019-இல் வெளிவந்த கெர்னல் 5.3 முதல், ஒரு நிரலை இன்னொன்று கண்காணிக்க உதவும் பிடிரேஸ் வசதியின் ‘பிடிரேஸ்_கெட்_சிஸ்கால்_இன்ஃபோ’ என்ற ஒரே கோரிக்கை, எந்த முறையில் அழைப்பு வந்தது, எண் என்ன, ஆறு அளவுருக்கள் என்ன, வெளியேறும்போது திரும்பிய மதிப்பு பிழையா என்பவற்றை ஒரே வடிவில் தந்துவிடுகிறது. பதிவகம் படிக்கும் பழைய நிரலை 5.3-க்கு முந்திய கெர்னல்களுக்கான மாற்றுவழியாக ஒதுக்கி வைத்தால் போதும். திட்டத்தில் அந்தப் பழைய வழியே முதன்மையாகவும், புதிய கோரிக்கை பின்னொரு நாளில் சேர்க்கப்படுவதாகவும் இருப்பது தலைகீழ் வரிசை. விரைவில் ஓரத்துக்குப் போகவிருக்கும் நிரலை மெருகேற்றுவதில் பாதி உழைப்பு போய்விடும்.

கெர்னல் இவ்வளவு தந்தபின் செயலிக்கென்று என்ன மிஞ்சுகிறது என்று கேட்கலாம். மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் அதில்தான் பிழைகள் குடியிருக்கின்றன. கோப்பில் குறிப்பிட்ட இடத்திலிருந்து படிக்கும் ‘பிரெட்64’ அழைப்பின் 64-பிட் நிலைக்குறியை 32-பிட் இன்டெல் நான்காவது, ஐந்தாவது இடங்களில் இரண்டாகப் பிளந்து அனுப்பும். ஆர்மின் 32-பிட் அழைப்பு முறையான இஏபிஐயோ இரட்டை எண்ணுள்ள பதிவகத்தில்தான் இணை தொடங்க வேண்டும் என்பதால் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, ஐந்தாவது, ஆறாவது இடங்களில் வைக்கும். புதிய பிராசஸை உருவாக்கும் ‘குளோன்’ அழைப்பில் எக்ஸ்86-64 கடைசி அளவுருவாக வைக்கும் டிஎல்எஸ் (ஓர் இழைக்கு மட்டுமே உரிய நினைவகம்) முகவரியை 64-பிட் ஆர்ம் கடைசிக்கு முன்னால் வைக்கிறது. ஐபிஎம்மின் எஸ்390 முதல் இரண்டு அளவுருக்களையே இடம் மாற்றிவிடுகிறது. மிப்ஸின் பழைய முறையில் ஐந்தாவது முதலான அளவுருக்கள் நினைவகத்தின் ஸ்டேக் பகுதியில் கிடக்கும். இவற்றில் எதையும் வன்பொருள் கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலும், அந்த ஆதரவு எழுதப்பட்ட நாளில் யாரோ எடுத்த முடிவு, பிறகு மாற்ற முடியாமல் உறைந்துபோனது. ஆகையால் இவற்றைக் ‘குளோன் வரிசை’, ‘இணை ஒழுங்கு’ என்று பண்புகளாகவே விவரணையில் எழுதலாம். ஒவ்வொரு கோப்புறையிலும் ‘குளோன்’ அச்சிடும் செயற்கூற்றின் நகலை வைக்கத் தேவையில்லை.

எண் அட்டவணைக்கும் இது பொருந்தும். ‘ரைட்’ என்பது ஓரிடத்தில் 1, இன்னோரிடத்தில் 4, மற்றோரிடத்தில் 64 என்று சிதறியிருந்த காலம் ஒன்று. கெர்னல் 5.1-இல் 424-ஆம் எண் தொடங்கிப் புதிய அழைப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே எண்ணைப் பெறுகின்றன. மிப்ஸ் தன் தொடக்க எண்களான 4000, 5000, 6000-ஐயும், ஆல்ஃபா 110-ஐயும் கூட்டிக்கொள்கின்றன. அந்தப் பொதுப் பகுதியை ஒரே கோப்பில் ஒருமுறை எழுதி, தொடக்க எண்ணை மட்டும் விவரணையிலிருந்து கூட்டுங்கள்.

திட்டத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது ‘பொது’ கோப்புறை. செயலியின் கோப்புறையில் ஒரு கோப்பு இல்லாவிட்டால் பொதுக் கோப்புறையில் உள்ளதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு கையடக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் பிழை விதிக்கு அப்படி ஒரு பொதுக் கோப்பு இருக்கக் கூடாது. -4095 முதல் -1 வரை வந்தால் பிழை என்ற விதியைப் பொதுவாக வைத்துவிட்டு, புதிதாக ஆதரவு எழுத வருபவர் தம் செயலியில் அதற்கெனத் தனிக் கொடி இருப்பதை மறந்துவிட்டால், கம்பைலர் ஒரு சொல்லும் சொல்லாது. தோல்வியடைந்த ‘ஓபன்’ அழைப்பு தரும் பிழை எண் 2, கோப்பு எண் 2-ஐத் திறந்த வெற்றியாக அச்சாகும். பொய் சொல்லும் தடமறி கருவியைவிட, கம்பைல் ஆக மறுக்கும் கருவி மேலானது. எண், அளவுரு, பிழை ஆகிய மூன்றுக்கும் ஒவ்வோர் ஏபிஐயும் வாய்திறந்து விடை சொல்லியே ஆக வேண்டும் என்று வையுங்கள்.

இடம் மாற்றும் பேட்சும் நடத்தையை மாற்றும் பேட்சும் ஒருபோதும் ஒன்றாக வரக் கூடாது. முதல் சுற்றில் வரிகளை அப்படியே வெட்டிப் புதிய கோப்பில் வைத்து, பழைய இடத்தில் ‘இன்க்ளூட்’ செய்யுங்கள். ஒரு சி மொழிக் கோப்பை இன்னொரு சி கோப்புக்குள் உள்ளடக்குவது கண்ணுக்கு உறுத்தலான பழக்கம்தான். ஆனால் அப்படிச் செய்தால், பிழைதிருத்தத் தகவலை நீக்கியபின் வரும் இயந்திரக் குறி மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால், கையில் இயந்திரம் இல்லாத செயலிக்கும் குறுக்குக் கம்பைலரை (வேறு செயலிக்கான குறியை நம் இயந்திரத்திலேயே உருவாக்குவது) வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். முன்பு சொன்ன அந்த அச்சத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான்.

நடத்தையை மாற்றும் இரண்டாம் சுற்றுக்கு உண்மையான ஓட்டம் வேண்டும். பிற செயலிகளைப் பாவனை செய்யும் க்யூஈஎம்யூ மென்பொருளின் பயனர் முறையில் சோதித்துவிடலாம் என்று திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த முறை பிடிரேஸை ஆதரிப்பதில்லை, ஆகவே முழு இயந்திரத்தையும் பாவனை செய்யும் முறையில் கெர்னலோடு ஏற்றித்தான் ஆக வேண்டும். நேரம் பிடிக்கும், அதற்கேற்ப நாட்களை ஒதுக்குங்கள்.

கெர்னலே கைவிட்ட செயலிகளின் கிளைகளை நகர்த்தும் முன்பே நீக்கிவிடுங்கள். 2018-இல் கெர்னல் 4.17-இல் எட்டுக் கட்டமைப்புகள் ஒரேயடியாகப் போயின, 6.7-இல் ஐடானியமும் போயிற்று. பழைய கெர்னலோடு அவற்றை வைத்திருப்பவருக்கு உங்கள் பழைய வெளியீடு இருக்கிறது.

32-பிட், 64-பிட், எக்ஸ்32 ஆகிய மூன்று இன்டெல் முறைகளுக்கும் விவரணை எழுதி, மேலே சொன்ன ‘இன்ட் 0எக்ஸ்80’ நிகழ்வையும் ஒரு சோதனையாகச் சேர்த்து அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு முடிவு மட்டும் வேண்டும்: பிழை விதிக்குப் பொதுக் கோப்பு உண்டா, இல்லையா? அந்த விடையைப் பொறுத்துத்தான் விவரணையின் வடிவம் அமையும்.

இப்படிக்கு,
உங்கள் கருவியின் நெடுநாள் பயனர் ஒருவர்