எடை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த வேட்டைத் துப்பாக்கிக் கட்டுரை, எடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று முடிந்திருந்தது. அக்டோபர்தோறும் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) வேட்டைக்குப் போகிறவன் நான். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

இடுப்பளவு புல்லில் நாள் முழுக்க நடக்கிறோம், சுடுவது நாலைந்து முறைதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 சேவல்களே அனுமதி, பெட்டையைச் சுடக்கூடாது. அதனால் லேசான துப்பாக்கி தேவைதான், சரி. ஆனால் இரண்டரைக் கிலோ 12 கேஜ் துப்பாக்கியில் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறியது) கனமான தோட்டா போட்டால் தோள் கன்றிப்போகும். லேசான குழல் பறவையோடு சீராக நகராமல் பாதியில் நின்றுவிடும். என் முதல் சீசனில் அப்படி அரைகுறையாக அடிபட்ட ஒரு சேவல் புல்லுக்குள் ஓடி மறைந்தது. நாயாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்போது வைத்திருப்பது 20 கேஜ் செமி ஆட்டோமேட்டிக், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை, 2.7 கிலோ. இவற்றில், தோட்டா வெடிக்கும் வாயு அழுத்தத்தில் இயங்குபவற்றில் உதை (சுடும்போது தோளில் விழும் அடி) குறைவு, ஆனால் கரி படியும். பின்னுதைப்பின் விசையிலேயே இயங்கும், இத்தாலிய பெனெல்லி நிறுவனத்தின் துப்பாக்கிகள் போன்றவை சுத்தமாக இருக்கும். உதை கொஞ்சம் கூடுதல். வாங்குமுன் குளிர்கால ஜாக்கெட்டோடு தோளில் வைத்துப் பாருங்கள். தோளில் பதியும் கட்டையின் நீளம் பொருந்தவில்லை என்றால் வேறு துப்பாக்கியைக் கேளுங்கள்.

ஒரு வாசகர், சியூ ஃபால்ஸ்