நம்பரை மட்டும் அனுப்பு மக்களே

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிற பையனின் அப்பா ரத்தம் உறையாமல் இருக்க ஏதோ புது மாத்திரை சாப்பிடுகிறார், அதற்கு மாதாமாதம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டாமாம், நானும் மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்து இரண்டு மாதம் ஆச்சு என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை.

நேற்று காலை பஸ்ஸைப் பிடித்துத் திருவனந்தபுரம் போய் டாக்டரிடமே கேட்டேன். அந்தப் பெரியவருக்கு இருப்பது இதயத்துடிப்பு சீராக இல்லாத பிரச்சினை. அதற்கு டாபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகள் எல்லாம் சரி. உன் இதயத்தில் இருப்பது மெக்கானிக்கல் வகைச் செயற்கை வால்வு. உன்னைப் போல வால்வு வைத்தவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய வார்ஃபரின் சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு ரத்தக்கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம். 2022-ல் அபிக்ஸபானை வைத்துச் செய்த ஆய்வும், ரத்தக்கட்டி கூடியதால் நின்றுபோனது. அதனால் உனக்கு இப்போது சாப்பிடுகிற அசிட்ரோம் மாத்திரைதான் மக்களே. வார்ஃபரினும் அதுவும் ஒரே குடும்பம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி நினைவிருக்கிறதா? ஃபேனை நிறுத்தினால் உன் நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று கேட்கும். நீ பயந்தாய். நான் அதை எண்ணிக்கொண்டே விடிய விடியப் படுத்திருந்தேன். அந்தச் சின்னத் தட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூடுகிற சத்தம். அதில் ரத்தம் ஒட்டி உறையாமல் இருக்கத்தான் மாத்திரை. சாதாரணமாக எல்லோருக்கும் ஐஎன்ஆர் 1 பக்கத்தில் இருக்கும். உனக்கு எழுதிக் கொடுத்திருப்பது 2.5 முதல் 3.5 வரை. குறைந்தால் வால்வு அடைக்கும், மூளைக்கு ரத்தக்கட்டி போகும். கூடினால் உள்ளே எங்கேயாவது கசியும். இரண்டுமே வலித்துக் காட்டிக்கொடுக்காது. ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

போன வருஷம் ஹாஸ்டலில் வயிற்றுப்போக்கு வந்து, மெடிக்கலில் மெட்ரோனிடசோல் என்கிற ஆன்டிபயாட்டிக்கை வாங்கிச் சாப்பிட்டாயே. நான் வந்து பார்த்தபோது வாஷ்பேசினில் பல் தேய்த்த நுரை முழுக்கச் சிவப்பு. ஐஎன்ஆர் 7-ஐத் தாண்டியிருந்தது. கடைக்காரருக்கு நீ அசிட்ரோம் சாப்பிடுவது தெரியாது, நீ சொல்லவில்லை. காய்ச்சலோ, பல்வலியோ, நாட்டு மருந்தோ, எதற்குப் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லு. ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் நாலைந்து நாளில் ஒரு ஐஎன்ஆர் பார். புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் வேண்டாம், இடுப்பில் ஊசியும் வேண்டாம். பல் பிடுங்க வேண்டுமென்றால் நீயாக மாத்திரையை நிறுத்தாதே, டாக்டருக்குப் போன் பண்ணு.

என் தப்பும் ஒன்று உண்டு. பொங்கலுக்கு நீ வந்தபோது, பிள்ளை இளைத்துவிட்டாளே என்று பத்து நாளும் முருங்கைக்கீரை வைத்தேன். நீ திரும்பிப் போனதும் ஐஎன்ஆர் 1.7. கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். அதற்காக நீ இப்போது கீரையையே தொடாமல் இருப்பதும் சரியில்லை. வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். அதற்கேற்ற மாதிரி மாத்திரை அளவை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார்.

மாத்திரை சாயங்காலம் ஏழு மணிக்கு. காலையில் ரத்தம் கொடுத்தால் அன்றைக்கே அளவை மாற்றத்தான் அந்த நேரம் வைத்திருக்கிறார்கள். மறந்துபோய் ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வந்தால் போட்டுக்கொள். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் விட்டுவிடு, இரண்டாகச் சேர்த்துப் போடாதே. 1 மில்லிகிராம் அட்டையையும் 2 மில்லிகிராம் அட்டையையும் ஒரே டப்பாவில் போடாதே.

இன்னொன்று, அம்மாவாகச் சொல்கிறேன், கூச்சப்படாமல் கேள். கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரைப் பார்த்துவிடு. கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை இந்த மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம். பயந்து நீயே நிறுத்தினால் உன் வால்வுக்கு ஆபத்து. மாத்திரைக்குப் பதிலாக ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசிக்கு எப்போது மாறுவது என்பதை அவர்கள் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். மாதவிடாய் வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலும் மறைக்காதே. மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வாய் கோணி கை சோர்ந்தாலோ, டிக் சத்தம் மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

பழைய ஐஎன்ஆர் நோட்டை கூரியரில் அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறேன், எதிரே கட்டம் காலி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிடு. மத்தியானம் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு நம்பரை மட்டும் அனுப்பு, நான் டாக்டரைக் கூப்பிட்டு அன்றைக்கு ராத்திரி எத்தனை மில்லிகிராம் என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா